நாகர் மலைகளின் திருநாட்கள்

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு அன்பர்கள் கேட்பதும், நானும் நம் நாட்டுக் கோயில்களைப் பற்றியோ புலவர்களைப் பற்றியோ எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. இவ்வாண்டு அவ்வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அதற்குக் காரணம் என் இளைய மகள். அவளோடு பள்ளியில் படிக்கும் லோத்தாப் பெண் ஒருத்தி, பொங்கல் என்பது என்ன, சூரியனுக்கு ஏன் படைக்கிறீர்கள் என்று கேட்டாளாம். என் மகளும் விளக்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த பின்பு, "அவர்கள் விழா எதற்கு என்று நான் திருப்பிக் கேட்கவே இல்லையே, அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். திமாப்பூர் நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பயணச்சீட்டுக் கொடுத்துவரும் எனக்கு, அவளிடம் சொல்ல நாலு வரிக்கு மேல் தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதுவித்தது.

இத்தனைக்கும் சீட்டு கொடுக்கும் சாளரத்தின் முன் நிற்கும் வரிசையே எனக்கு ஒரு பஞ்சாங்கமாக இருந்து வந்திருக்கிறது. மார்ச்சுக் கடைசியில் சிமலுகுரிக்குச் சீட்டுக் கேட்போர் பெருகினால் கொன்யாக்கியர் மோன் மலைக்குப் போகிறார்கள் என்று பொருள். ஏப்ரல் கடைசியில் மரியானிக்குக் கூட்டம் சேர்ந்தால் ஆவோக்கள் மொக்கோக்சுங் போகிறார்கள். யார் எப்போது ஊருக்குப் போவார்கள் என்பதை அறிந்திருந்தேன்; ஏன் போகிறார்கள் என்பதைத்தான் அறியவில்லை.

நாகர் யாவர்?

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிட வேண்டும். நம் பழந்தமிழ் நூல்களிலும் புராணங்களிலும் வரும் நாகர் வேறு. இம்மலைகளில் வாழும் நாகர் வேறு. இவர்கள் திபெத்திய-பர்மிய இனத்தைச் சேர்ந்த மொழிகளைப் பேசுவோர். நாகாலாந்தில் மட்டுமன்றி மணிப்பூர், அருணாசலப் பிரதேசம், அஸ்ஸாம் ஆகிய இராஜ்யங்களிலும், எல்லைக்கப்பால் மியன்மாரிலும் வாழ்கின்றனர். நாகாலாந்தில் மட்டும் அங்காமி, ஆவோ, சுமி, லோத்தா, கொன்யாக், போம், சாங், சங்தம், ரெங்மா, சாக்கேசாங், செலியாங் எனப் பதினைந்துக்கு மேற்பட்ட குடிகள் உள்ளன. ஒரு குடியின் மொழி மற்றொரு குடிக்கு விளங்காது. ஆகவே சந்தையிலும் நிலையத்திலும் நாம் கேட்கும் நாகாமிய மொழியே பொதுமொழியாக நின்று உதவுகிறது. இவ்வளவு வேற்றுமைக்கு நடுவே, எல்லாக் குடிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவர்களுடைய திருநாட்கள் யாவும் நிலத்திலிருந்தே பிறந்தவை.

விதையும் கதிரும் வகுத்த ஆண்டு

நாகர் வேளாண்மை இருவகைப்படும். அங்காமியரும் சாக்கேசாங்கியரும் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஓடை நீரைத் திருப்பி, நன்செய் நெல் விளைவிப்பவர்கள். மற்றக் குடியினர் பெரும்பாலும் காட்டை வெட்டி எரித்து, அச்சாம்பல் நிலத்தில் விதைத்து, சில ஆண்டுகளில் வேறு சரிவுக்கு மாறும் ஜூம் வேளாண்மை செய்பவர்கள். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால் விழாக்களின் வரிசை தானே விளங்கும்.

வயல் வேலை தொடங்குமுன், பிப்ரவரிக் கடைசியில், அங்காமியரின் செக்ரென்யி வருகிறது. அதே மாதம் 15ஆம் தேதி மணிப்பூர் நாகர் அனைவரும் கூடி லுயி-ஙாய்-நி என்னும் விதைப்பு விழாவை நடத்துகின்றனர். ஜூம் நிலத்தில் விதைப்பு முடிந்த களைப்புத் தீர, ஏப்ரல் முதல் வாரத்தில் கொன்யாக்கியர் ஆவோலியாங்கும் போம் குடியினர் மோன்யுவும் கொண்டாடுகிறார்கள். மே மாதம் முதல் மூன்று நாட்கள் ஆவோக்களின் மோவாட்சு. அதுவும் விதைப்பு முடிந்த மகிழ்ச்சியே. அப்போது பெருந்தீ மூட்டி, ஆடவரும் பெண்டிரும் சிறந்த உடையணிந்து அதனைச் சுற்றி அமர்வர். பயிர் பசுமை கட்டும் ஜூலையில் சுமியரின் துலுனி. கதிர் முற்றி அறுவடையை எதிர்நோக்கும் ஆகஸ்டில் ஆவோக்களின் சுங்ரெமொங். செப்டம்பரில் சங்தமியரின் மொங்மொங். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த நவம்பரில் லோத்தாக்களின் தோக்கு எமொங், சுமியரின் அகுனா, ரெங்மாக்களின் ஙாடா ஆகியவை வரிசையாக வருகின்றன.

இவற்றுள் மொங்மொங் விழாவைப் பற்றி அறிந்தபோது என் மனைவி வியந்து போனாள். அவ்விழாவில் சிறப்பாக வழிபடப்படுவன வீட்டுத் தெய்வமும், அடுப்பின் மூன்று கற்களும். மூன்று கல் கூட்டிப் பானை வைத்துப் பழகிய நம் பெண்மணிகளுக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று நாட்காட்டியில் ஏப்ரல் 1, நவம்பர் 7 என்று அச்சிட்டிருக்கிறதே, அது பிற்காலத்து ஏற்பாடு. பழங்காலத்தில் ஒவ்வோர் ஊரின் பூசாரியும் பெரியோரும் நிலவைப் பார்த்தும் பயிரைப் பார்த்தும் நாளை அறிவிப்பர். ஊருக்கு ஊர் நாள் மாறும். அலுவலக விடுமுறை என்னும் தேவை வந்த பின்னரே தேதிகள் நிலைபெற்றன.

விலக்கே விழா

விழா என்றவுடன் நமக்கு ஆட்டமும் பாட்டும் விருந்தும் நினைவுக்கு வருகின்றன. நாகர் விழாக்களிலும் இவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றின் உயிர் அங்கே இல்லை. அது 'கென்னா' என்னும் விலக்கில் இருக்கிறது. அங்காமி மொழியில் தடுக்கப்பட்டது என்னும் பொருள்படும் அச்சொல்லை, ஆங்கில அதிகாரிகள் எல்லா நாகக் குடிகளின் விலக்கு நாட்களுக்கும் பொதுப்பெயர் ஆக்கிவிட்டனர். 1911ஆம் ஆண்டில் மணிப்பூர் நாகரைப் பற்றி நூல் எழுதிய ஹாட்சன் என்பவர், அதில் இக்கென்னாவையும் ஆராய்ந்தார்.

கென்னா அறிவிக்கப்பட்டால் ஊர் நிற்கும். எவரும் வயலுக்குப் போகலாகாது. சில விலக்குகளில் அயலார் உள்ளே வரலாகாது. உள்ளோர் வெளியே போகலாகாது. விதைப்புக்கு முன், அறுவடைக்கு முன், தீவிபத்துக்குப் பின், ஊரில் ஒருவர் துர்மரணம் அடைந்த பின் என்று பல நேரங்களில் விலக்கு உண்டு. அங்காமி ஊர்களில் முதல் விதையை இடுவதற்கென்றே ஒரு முதியவரும், முதல் கதிரை அறுப்பதற்கென்றே ஒரு மூதாட்டியும் இருந்தனர். அவர்கள் கை வைக்குமுன் வேறு எவரும் தம் வயலில் கை வைக்கலாகாது. பணக்காரன் முந்திக்கொள்ளவும் வழியில்லை. ஏழை பிந்திப்போகவும் வழியில்லை. ஊர் முழுவதும் ஒரே நாளில் ஓய்ந்து, ஒரே நாளில் எழும்.

செக்ரென்யியின் தொடக்கத்தைக் கேளுங்கள். முதல் நாள் வீட்டுத் தலைவி அரிசிக் கஞ்சியின் சில துளிகளை இலையில் எடுத்து, வீட்டின் மூன்று முதன்மைத் தூண்களின் அடியில் வைப்பாள். இரவில் இளைஞர் இருவர் சென்று ஊர்க் கிணற்றைத் துப்புரவு செய்வர். அதன்பின் மறுநாள் சடங்கு முடியும் வரை அந்நீரை எவரும் எடுக்கலாகாது, காவல் இருக்கும். விடியுமுன் ஆடவர் அக்கிணற்றடிக்குச் சென்று புத்தாடை போர்த்தி, மார்பிலும் முழங்காலிலும் வலக்கையிலும் நீரைத் தெளித்துக்கொண்டு, பழைய ஆண்டின் தீங்கு யாவும் கழிந்ததாக நம்பித் திரும்புவர். பின்பு வீட்டில் ஒரு சேவலைப் பலியிடுவர். விழுந்த சேவலின் வலக்கால் இடக்காலின் மேல் அமைந்தால் நற்சகுனம். நான்காம் நாளுக்குப் பிறகே பாட்டும் விருந்தும். விழா நடக்கும் பத்து நாட்களும் வயலில் மனித நடமாட்டம் இராது. பிப்ரவரிக் கடைசியில் இங்கு வரும் யாத்திரிகர் காண்பது அந்தப் பாட்டையும் விருந்தையுமே. மூடிய கிணற்றை அவர்கள் காண்பதில்லை.

அந்தி சாய்வதற்குள்

சில ஆண்டுகளுக்கு முன் நவம்பரில், நிலையத்தில் என்னுடன் பணிபுரியும் லோத்தா நண்பர் ஒருவர் தோக்கு எமொங்கிற்கு வோக்கா பக்கத்திலுள்ள தம் ஊருக்கு என்னை அழைத்துச் சென்றார். மறுநாள் காலைப் பணிக்கு நான் திரும்பியாக வேண்டும். பிற்பகலில் புறப்பட எழுந்தபோது நண்பரின் தாயார் நாகாமியத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பழைய காலத்து விதி ஒன்றை அவர் நினைவூட்டினார் என்று பிறகு விளங்கியது.

அக்காலத்தில் விழா தொடங்குமுன் பூசாரியும் அவர் துணைவர்களும் கூடையுடன் வீடு வீடாகச் சென்று நெல் பெறுவர். எவ்வளவு தாராளமாக அளக்கிறார்களோ அவ்வளவு விளைச்சல் பெருகும். மறுத்தவன் இரந்துண்ணும் நிலைக்கு ஆளாவான் என்பது நம்பிக்கை. சேர்ந்த நெல்லைக் கொண்டு பன்றி வாங்கி, அறுத்து, எல்லா வீட்டுக்கும் பங்கிடுவர். பூசாரி புறப்படும் அந்நேரத்தில் ஊரில் அயலான் எவனேனும் இருந்தால் அவனுக்கு இரண்டே வழிதான். அந்தி சாய்வதற்குள் ஊர் எல்லையைக் கடந்துவிட வேண்டும். அல்லது விழா முடியும் வரை ஊராருடன் தங்கி அவர்கள் விருந்தை உண்ண வேண்டும். அரையும் குறையுமாக வந்து போவதற்கு இடமில்லை.

அத்தாயார் என் கையில் ஓர் இலைப்பொட்டலம் கொடுத்தார். நான் புலால் உண்ணாதவன் என்று மகன் முன்பே சொல்லியிருந்தமையால் அதில் அவித்த கிழங்குத் துண்டுகள் இருந்தன. தோக்கு எமொங்கில் உணவைப் பரிமாறுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. உற்ற நண்பனுக்குப் பன்னிரண்டு துண்டு இறைச்சி கொடுப்பர். அவனும் பன்னிரண்டு துண்டு திருப்பிக் கொடுத்தால் நட்பு உறுதியாயிற்று. இன்னல் வந்தால் ஒருவருக்கொருவர் நின்றாக வேண்டும். வெறும் அறிமுகத்துக்கு ஆறு துண்டே. வழியில் என் பொட்டலத்தைப் பிரித்து எண்ணினேன். ஆறு இருந்தன. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவனுக்கு அதுவே நியாயம் என்று பட்டது.

மிஷனரிமார் வந்த பின்

நிற்க. வரலாற்றுக்கு வருவோம். 1872ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த கிளார்க் பாதிரியார் ஆவோ நாட்டில் காலடி வைத்தார். அவருக்கு முன்பே கொதுலா என்னும் அஸ்ஸாமியப் போதகர் அங்குச் சென்று மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். மிஷன் கல்வியைத் தந்தது, மருத்துவத்தைத் தந்தது, மொழிகளுக்கு எழுத்தையும் அச்சு நூலையும் தந்தது. மறுபுறம், அரிசிக் கள்ளையும் பலியையும் இளைஞர் விடுதியையும் விலக்கச் சொன்னது. இம்மூன்றும் இல்லாமல் பழைய விழா எவ்வாறு நடக்கும்?

குறிப்பாக மறைந்தது 'புகழ் விருந்து' எனத்தக்க வழக்கம். செல்வம் சேர்த்தவன் மிதுன் என்னும் மலை மாட்டைப் பலியிட்டு ஊர் முழுவதற்கும் படிப்படியாக விருந்துகள் வைப்பான். அதற்குப் பரிசாகக் குறித்த கோலமுள்ள போர்வையை அணியவும், வீட்டு முகட்டில் மரக்கொம்பு நாட்டவும், நினைவுக்கல் நிறுத்தவும் அவனுக்கு உரிமை கிடைக்கும். களஞ்சியத்தில் இருந்த நெல் ஊரார் வயிற்றுக்குப் போகும். பெருமை மட்டும் அவன் வீட்டில் தங்கும். சேர்த்ததைப் பகிர்ந்தால்தான் பெருமை என்னும் அவ்வேற்பாடு விருந்துகளோடு போயிற்று. போர்வைகளோ கடையில் விற்கும் சரக்காயின.

இவ்விழப்பை முதலில் உரக்கச் சொன்னவர்கள் ஆங்கில அதிகாரிகளே என்பது வியப்புக்குரியது. 1921இல் அங்காமியரைப் பற்றியும் சுமியரைப் பற்றியும் நூல்கள் எழுதிய ஹட்டன், 1922இல் லோத்தாக்களையும் 1926இல் ஆவோக்களையும் பற்றி எழுதிய மில்ஸ் ஆகிய இருவரும், பழைய விழாக்களை அடியோடு ஒழிப்பது மக்களின் வாழ்வையே வறளச் செய்யும் என்று கருதினர். அவர்கள் ஆட்சியாளர்கள், மலை மக்கள் மாறாதிருப்பது ஆட்சிக்கு எளிது என்னும் எண்ணமும் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் எழுதி வைத்தமையால்தான் பல சடங்குகளின் வரிசை நமக்குத் தெரிகிறது.

மாற்றம் வெளியிலிருந்து மட்டும் வந்ததென்று எண்ணுவதும் தவறு. செலியாங்ரோங் நாகரிடையே ஜதோனாங் தொடங்கிய சமய இயக்கம், மிகுதியான பலிகளையும் விலக்குகளையும் தானே குறைத்து, பழைய சமயத்தைச் சீர்திருத்த முயன்றது. 1931 ஆகஸ்டு 29இல் ஆங்கில அரசு ஜதோனாங்கைத் தூக்கிலிட்டது. அவர் பணியைத் தொடர்ந்த காய்டின்லியு 1932 அக்டோபரில் சிறைப்பட்டபோது அவருக்கு வயது பதினாறே. பதினைந்து ஆண்டு சிறையில் கழித்து 1947இல்தான் வெளிவந்தார். இராணி என்று ஜவாஹர்லால் நேருவால் அழைக்கப்பட்டவர் அவரே. நாகர் திருநாட்களின் வரலாற்றில் அப்பெண்ணின் பெயர் விடுபடலாகாது.

போரும் மாநிலமும்

1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை கோஹிமாவில் ஜப்பானியருக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. விதைக்க வேண்டிய பருவம் முழுவதும் குண்டுமழை பொழிந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1950களில் எழுந்த ஆயுதப் போராட்டத்திலும் அதை அடக்கும் முயற்சியிலும் ஊர்கள் எரிந்தன, களஞ்சியங்கள் எரிந்தன. விழாக் கொண்டாட ஊரே இல்லாத நிலையைப் பல குடும்பங்கள் கண்டன.

1963 டிசம்பர் 1ஆம் தேதி நாகாலாந்து இந்தியாவின் பதினாறாவது இராஜ்யமாயிற்று. அதனைக் கோஹிமாவில் தொடங்கி வைத்த ஜனாதிபதி, திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் என்பது நமக்கு நினைவிருக்க வேண்டிய செய்தி. அரசியல் சட்டத்தின் 371அ பிரிவு, நாகரின் சமய, சமூக வழக்கங்களைத் தொடும் மத்தியச் சட்டம் எதுவும் அவர்களுடைய சட்டசபையின் ஒப்புதலின்றி அங்குச் செல்லாது என்று காப்பளித்தது. அந்நேரத்தில் மக்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவராயிருந்தனர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அவர்கள் நூற்றுக்கு 88 பேர். எனவே விழாக்கள் புது வடிவம் பெற்றன. இன்று பல ஊர்களில் பாதிரியாரின் ஜெபத்துடன் விழா தொடங்குகிறது. சேவலின் கால் எப்படி விழுந்தது என்று பார்ப்போர் சிலரே.

இருவாட்சி விழா

1997 ஆகஸ்டில் போர்நிறுத்தம் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில், மாநில அரசு எல்லாக் குடிகளையும் ஒரே களத்தில் சேர்க்கும் பெருவிழா ஒன்றைத் தொடங்கியது. நாகரின் தலையணியில் இறகாக விளங்கும் பறவையின் பெயரால் அது ஹார்ன்பில் விழா எனப்படுகிறது. நம் ஆனைமலைக் காடுகளிலும் வாழும் இருவாட்சிப் பறவையே அது. கோஹிமாவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், கிக்வேமா, பெசாமா என்னும் இரண்டு ஊர்களின் பெயரைச் சேர்த்துக் கிசாமா எனப்பட்ட இடத்தில், டிசம்பர் முதல் பத்து நாட்களும் அது நடைபெறுகிறது. 2022 ஆகஸ்டு 26இல் நம் ரயில்வே ஷோகுவியில் நாகாலாந்தின் இரண்டாவது பயணிகள் நிலையத்தைத் திறந்தது. ஆயினும் டிசம்பரில் திமாப்பூரில் இறங்கும் கூட்டம் குறையவில்லை.

இது வெறும் காட்சி என்று சிலர் குறை கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆட்டம் மேடை ஏறும். பாட்டு மேடை ஏறும். கிணற்றை மூடி ஊர் அமைதியாயிருப்பதை எந்த மேடையில் காட்டுவது? ஆனால் மறுபக்கமும் உண்டு. ஒரு காலத்தில் ஒருவர் தலையை ஒருவர் கொய்த குடியினர் இன்று பக்கத்துப் பக்கத்து விடுதிகளில் அமர்ந்து ஒருவர் பாட்டை ஒருவர் கேட்கின்றனர். மறந்துபோன பாட்டை முதியோரிடம் சென்று இளைஞர் கற்றுக்கொள்கின்றனர். இவ்விரண்டில் எது பெரிது என்று எனக்கும் நெடுநாள் ஐயமாகவே இருந்தது.

2021 டிசம்பர் 4ஆம் தேதி அவ்வையம் தீர்ந்தது. அன்று மாலை மோன் ஜில்லா ஓட்டிங் கிராமத்தில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து வீடு திரும்பிய தொழிலாளர் ஆறு பேரைத் தீவிரவாதிகள் எனத் தவறாக எண்ணி இராணுவத்தினர் சுட்டுக் கொன்றனர். அதன்பின் எழுந்த கலவரத்தில் மேலும் ஊரார் பலரும் ஒரு படைவீரரும் உயிரிழந்தனர். விழா நடுவில் இருந்தது. கிழக்கு நாகாலாந்துக் குடியினர் தம் விடுதிகளை விட்டு வெளியேறினர். மற்றக் குடியினரும் ஆட்டத்தை நிறுத்தினர். 7ஆம் தேதி அரசு எஞ்சிய விழாவைக் கைவிட்டது. என் சாளரத்தில் சீட்டை ரத்து செய்ய வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "இவ்வளவு செலவழித்து வந்தோமே" என்று வருந்தினார். அவருக்குப் பின்னால் நின்ற நாக இளைஞன் ஒருவன், "ஊரில் சாவு, ஐயா" என்று மட்டும் சொன்னான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துர்மரணம் நேர்ந்தால் ஊர் நிற்கும் என்பது பழைய விலக்கு. பூசாரி இல்லை, பலி இல்லை, அறிவிக்கும் குரலும் இல்லை. ஆயினும் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். மேடைக்காக ஏற்பட்ட விழாவுக்குள்ளேயே அப்பழைய உயிர் இருந்திருக்கிறது. சடங்கு மாறலாம், சமயம் மாறலாம், தேதி மாறலாம். சேர்ந்து உழைக்கும் மக்கள் சேர்ந்து நிற்கவும் தெரிந்திருக்கும் வரை திருநாள் அழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

நாமும் பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போட்டு, மின்னடுப்பில் பால் பொங்க வைக்கிறோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை நம் பக்கத்து வீட்டு நாக அன்பர் விழாவுக்கு அழைக்கும்போது, பிற்பகல் மூன்று மணிக்கே பணி இருக்கிறதென்று எழுந்துவிடாமல் இருப்போமாக. இவ்வாண்டு நவம்பரில் நான் நான்கு நாள் விடுப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். என் மகளும் வருவதாகச் சொல்கிறாள். பதினெட்டு ஆண்டுகள் இவர்கள் நடுவே வாழ்ந்தும் ஆறு துண்டு நட்போடு நின்றுவிட்டோம். பன்னிரண்டு துண்டைப் பெறுவதற்கு முன், பன்னிரண்டு துண்டு கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.